ஐந்து கோடி யாருடைய கணக்கு?

நாட்டின் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் எத்தனை என்று மாநிலங்களவையில் 2023 ஜூலையில் கேட்டார்கள். 5.02 கோடி என்று மத்திய சட்ட அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் பதில் சொன்னார். உச்ச நீதிமன்றத்தில் எழுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, உயர் நீதிமன்றங்களில் அறுபது லட்சத்துக்குச் சற்று மேல், மீதி 4.41 கோடியும் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில். அன்றிலிருந்து நீதித்துறை பற்றிய எந்த மேடைப் பேச்சும் எந்தத் தலையங்கமும் இந்த ஐந்து கோடியைத் தொடாமல் முடிவதில்லை. பேசுகிறவர் பெருமூச்சு விடுகிறார், கேட்கிறவர் தலையசைக்கிறார். பிறகு எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இந்த எண்ணில் பெரும்பகுதியைத் தருவது தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டமைப்பு. புனேவிலுள்ள தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. எந்த ஊர் நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு, எத்தனை ஆண்டுப் பழையது என்பதை அன்றாடம் காட்டும் பொதுத் தளம் அது. அதன் தொழில்நுட்பத்தைப் பாராட்டவோ குறை சொல்லவோ நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு: அரசாங்கம் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுக்கிறது? நீதிமன்றங்களின் சுமையை அரசு கூட்டவோ குறைக்கவோ செய்யும் இடங்கள் மூன்று. சட்டம் இயற்றும்போது, பணியிடமும் பணமும் ஒதுக்கும்போது, தானே வழக்காடியாக வந்து நிற்கும்போது. இந்த மூன்றில் ஓரிடத்திலாவது புள்ளிவிவரம் ஒரு முடிவை மாற்றியிருக்கிறதா என்பதுதான் உரைகல்.

முதலில் வரவுப் பக்கம். எத்தனை கூடுதல் நீதிமன்றங்கள் தேவை என்று கண்டு சொல்லும்படி உச்ச நீதிமன்றம் 2012-இல் சட்ட ஆணையத்தைக் கேட்டது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் 2014 ஜூலையில் 245-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. கேள்விக்கு விடை தேடுவதைவிட, விடைக்கு வேண்டிய எண்களைத் திரட்டுவதே ஆணையத்துக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது என்பது அதைப் படித்தால் தெரியும். சில மாநிலங்களில் இடைக்கால மனுக்களும் தனி வழக்காக எண்ணப்பட்டன. சில இடங்களில் போக்குவரத்துச் சலான்கள் கணக்கில் இருந்தன, சில இடங்களில் இல்லை. ஒரு மாநில எண்ணை இன்னொரு மாநில எண்ணோடு ஒப்பிடுவதே தவறு என்ற நிலை.

அடுத்த ஆண்டே, 2015 செப்டம்பரில், மாவட்ட நீதிமன்றங்களின் தரவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2020-இல் உயர் நீதிமன்றங்கள், 2023 செப்டம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க அடையாள எண். தென்காசியில் நிலத்தகராறு நடத்தும் விவசாயி, அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்துகொள்ள வக்கீல் குமாஸ்தாவின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். முப்பது ஆண்டுக்கு மேல் பழைய வழக்குகள் மாவட்ட நீதிமன்றங்களில் ஒரு லட்சத்துக்கு மேல், உயர் நீதிமன்றங்களில் எழுபதாயிரத்துக்கு மேல் என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரு நாளில் விடை சொல்ல ஒருவராலும் முடிந்திருக்காது. இதைச் சின்ன சாதனை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அடுத்தது, எண்கள் உண்மையிலேயே வேலை செய்த ஒரு தருணம். 2019-இல் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் பெருகுவதாக வந்த செய்திகளை வைத்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பதிவான முதல் தகவல் அறிக்கைகள் 24,212. அவற்றில் விசாரணை முடிந்து தீர்ப்பானவை 911. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு வாதத்துக்கு அதிகம் இடமிருக்கவில்லை. இக்குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் நூற்றுக்கு மேல் வழக்குள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் அறுபது நாளுக்குள், மத்திய அரசின் செலவில், தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று ஜூலை 25-இல் உத்தரவு வந்தது. எண்ணிலிருந்து உத்தரவு, உத்தரவிலிருந்து நீதிமன்றம். நீதித்துறைப் புள்ளியியலின் பயன் என்ன என்று கேட்கிறவருக்கு இதைக் காட்டலாம். (நூறு என்ற எல்லைக்கோட்டை எதை வைத்துப் போட்டார்கள், தொண்ணூற்றைந்து வழக்குள்ள மலை மாவட்டம் என்ன பாவம் செய்தது என்ற கேள்விகள் தனி.)

ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? தரவுக் கட்டமைப்பின் திரையிலிருந்து அல்ல. உச்ச நீதிமன்றப் பதிவகம் எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கேட்டுத் திரட்டியது. ஆறாண்டு கழித்தும் இதே கதைதான். 1980-களில் தொடங்கிய ஒரு தமிழ்நாட்டு நில கிரய வழக்கில், டிக்ரி வாங்கியும் சொத்து கைக்கு வராத அவலத்தைப் பார்த்த உச்ச நீதிமன்றம், நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. அக்டோபரில் கணக்கு வந்தது: ஆறு மாதத்தில் முடித்தவை 3,38,685, இன்னும் நிலுவையில் 8,82,578. சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் மட்டும் 86,148, மும்பைக்கு அடுத்த இடம். கர்நாடக உயர் நீதிமன்றம் முடித்த கணக்கையே அனுப்பவில்லை என்று நீதிபதிகள் அதிருப்தியைப் பதிவு செய்தார்கள். பத்தாண்டுகளாக அன்றாடம் எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டமைப்பு இருக்கையில், நாட்டின் உச்ச நீதிமன்றம் ஓர் எளிய கேள்விக்கு உயர் நீதிமன்றங்களுக்கு எழுதிக் கேட்டுத்தான் விடை பெற வேண்டியிருக்கிறது. இதை எதிர்வாதத்தின் முதல் சான்றாக வைக்கிறேன்.

ஏன் இப்படி? எதை ஒரு வழக்கு என்று எண்ணுகிறோம் என்பதில் கோளாறு இருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றம் ஒன்றின் பதிவேடுகளோடு கொஞ்ச தூரம் நடந்தால் இது விளங்கும்.

ஓர் ஊரில் ஒரு கொலை, குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும் நடுவர் நீதிமன்றம் அதைப் பி.ஆர்.சி. எண் கொடுத்துக் கோப்பில் எடுக்கும். கொலை வழக்கை நடுவர் விசாரிக்க முடியாது. நகல்களைக் கொடுத்துவிட்டு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்புவது மட்டுமே அவர் வேலை, கமிட்டல் என்பார்கள். கமிட்டல் ஆன அன்று நடுவர் கணக்கில் ஒரு டிஸ்போசல், அமர்வு நீதிமன்றக் கணக்கில் எஸ்.சி. எண்ணோடு ஒரு புது வரவு. ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை, அதற்குள் ஒரு வழக்கு முடிந்து ஒரு வழக்கு பிறந்துவிட்டது. மூவரில் ஒருவர் தலைமறைவு. அவருக்காக மற்ற இருவரையும் காக்க வைக்க முடியாது என்பதால் வழக்கைப் பிரிப்பார்கள், அதாவது ஸ்பிளிட் அப். ஒன்று இரண்டாகிறது. தலைமறைவானவர் மீது ஜாமீனில் விடமுடியாத பிடிவாரண்ட், என்.பி.டபிள்யூ., ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். ஒரு கட்டத்தில் அவர் வழக்கை எல்.பி.சி. எனப்படும் நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றுவார்கள். பெயரில் நிலுவை இருக்கிறது, ஆனால் நீதிமன்றத்தின் நடப்பு நிலுவைக் கணக்கிலிருந்து அது விலகிவிடும். அந்த ஆள் பிடிபட்டால் மறுபடி உள்ளே வரும். செத்தது ஒருவர், கொலை ஒன்று. பதிவேட்டில் அது மூன்றாகவும் நான்காகவும் பிறந்து, மறைந்து, மீண்டும் தலைகாட்டுகிறது.

உரிமையியல் பக்கம் இன்னும் மோசம். வழக்குரையைத் தாக்கல் செய்தால் முதலில் கிடைப்பது எஸ்.ஆர். எண். நீதிமன்றக் கட்டணம் குறைவு, ஆவணம் விடுபட்டது, எல்லை விவரம் தெளிவில்லை என்று கட்டு திரும்பி வரும். சரிசெய்து மறுபடி தாக்கல், மறுபடி ரிட்டர்ன். “இன்னும் நம்பர் ஆகலைங்க” என்று வக்கீல் அலுவலகத்தில் சொல்லும் அந்த மாதங்கள் பதிவான வழக்குகளின் நிலுவையில் சேராது. நம்பர் ஆன பிறகு அது ஓ.எஸ். என்ற அசல் வழக்கு, அதற்குள் கிளைவிடும் ஐ.ஏ. என்ற இடைக்கால மனுக்கள். டிக்ரி ஆனதும் வழக்கு முடிந்ததாகக் கணக்கு. எதிர்த்தரப்பு மேல்முறையீடு போட்டால் ஏ.எஸ்., அதற்கும் மேலே போனால் உயர் நீதிமன்றத்தில் எஸ்.ஏ. எல்லாவற்றிலும் ஜெயித்து வந்து, “சரி, நிலத்தைக் கொடு” என்று கேட்டால் ஈ.பி. என்ற நிறைவேற்று மனு. அமீனா போய் நிற்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் உரிமை கோரிக் குறுக்கே வந்தால் ஈ.ஏ. வாதிக்கு இது ஒரே தகராறு. அவர் வாலிபத்தில் தொடங்கி, அவர் பிள்ளைகள் சட்ட வாரிசுகளாகச் சேர்க்கப்பட்டு நடப்பது. புள்ளிவிவரத்துக்கோ அது நான்கைந்து தனி வழக்குகள், அவற்றில் பலவும் நியாயமான காலத்துக்குள் ‘முடிந்தவை’.

எனவே ஐந்து கோடி என்பது ஐந்து கோடித் தகராறு அல்ல. அது ஐந்து கோடிப் பதிவேட்டு வரிகள். சில இடத்தில் ஊதியும் சில இடத்தில் சுருங்கியும் நிற்கிற எண். நீதிமன்றத்தின் உள்நிர்வாகத்துக்கு இந்த அலகு பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொரு நீதிபதியின் மேசையிலும் எத்தனை கட்டு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பொதுக் கொள்கைக்கு இது பொருந்தாது. ஒரு குடிமகன் தகராறோடு வாசலில் ஏறிய நாளிலிருந்து அது தீர்ந்து இறங்கிய நாள் வரை எவ்வளவு காலம் என்ற, அரசுக்கு மிக முக்கியமான ஒரே எண்ணை இந்தக் கட்டமைப்பு தருவதில்லை. பழைய பதிவேடுகளை அப்படியே கணினியில் ஏற்றினார்கள். பதிவேடுகள் எதற்காகப் போடப்பட்டவையோ அதற்கு மேல் அவற்றால் பேச முடியாது.

தாமதத்துக்கான காரணங்களையும் இப்போது தளம் காட்டுகிறது: வழக்கறிஞர் வரவில்லை, எதிரி தலைமறைவு, சாட்சி இல்லை, மேல் நீதிமன்றத் தடை, ஆவணத்துக்காகக் காத்திருப்பு. பார்க்க ஆராய்ச்சிபோல் இருக்கும். ஆனால் மாலையில் அன்றைய பட்டியலை முடித்துவிட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் அடுத்த வாய்தாவை ஏற்றும் பெஞ்ச் கிளார்க்கின் இடத்திலிருந்து பாருங்கள். நாளெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருக்கும். வழக்கறிஞரைக் குறை சொல்லும் காரணத்தைத் தட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. தன் நீதிபதி விடுப்பிலிருந்ததோ, பட்டியலில் பாதிக்கு மேல் எடுக்க நேரமில்லாமல் போனதோ காரணம் என்று பதிய எந்த ஊழியருக்குத் துணிச்சல் வரும்? தாமதத்தின் ஒரு தரப்பே தாமதத்துக்குக் காரணமும் எழுதுகிற கணக்கு இது. சாட்சியத்தின் எடை அறிந்தவர்கள் நீதிபதிகள், இதற்கு எவ்வளவு எடை தரலாம் என்பது அவர்களுக்கே தெரியும்.

இனி உரைகல்லுக்கு வருவோம். முதலில் சட்டம் இயற்றும் இடம்.

காசோலை திரும்பினால் அது குற்றம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆவது பிரிவைச் சேர்த்தது 1988-இல். 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வணிகத்தில் காசோலைக்கு மதிப்பு கூட வேண்டும் என்பது நோக்கம். கடன் வசூலைக் குற்றவியல் நடுவர் தலையில் கட்டினால் எத்தனை வழக்கு வரும், எத்தனை நடுவர் வேண்டும் என்று ஒருவரும் மதிப்பிடவில்லை. 2019 டிசம்பர் கடைசியில் நாட்டில் நிலுவையிலிருந்த குற்றவியல் வழக்குகள் 2.31 கோடி, அவற்றில் காசோலை வழக்குகள் மட்டும் 35.16 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் பின்னாளில் பதிவு செய்தது. ஏறத்தாழ ஏழில் ஒன்று. நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது, முப்பதாண்டு கழித்து நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து அந்தப் பிரிவின் சுமையை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. சேலம் வழக்கறிஞர் சங்கம் உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தப் பேச்சை எழுப்பியது: ஒரு மசோதா நீதிமன்றங்கள் மீது ஏற்றும் சுமையை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் தலைமையில் குழு போட்டார்கள், 2008-இல் அறிக்கை வந்தது. மசோதாவோடு இணைக்கும் நிதிக்குறிப்பில், இதனால் எத்தனை வழக்கு கூடும், அதற்கு என்ன செலவு என்ற மதிப்பீடும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அறிக்கை அலமாரியில் இருக்கிறது. 2008-இல் தரவு இல்லை என்று சாக்குச் சொல்ல முடிந்தது. இன்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எத்தனை வழக்கு என்று வழக்குப் பதிவு மென்பொருளிலிருந்து எடுக்க முடியும் என்னும்போது அந்தச் சாக்கும் இல்லை. முதல் இடத்தில் தோல்வி, அதுவும் மன்னிக்க வழியில்லாத தோல்வி.

இரண்டாவது, பணியிடம். இங்கே புள்ளிவிவரம் இல்லாமலில்லை, அதைக் கையாண்ட விதம்தான் வேடிக்கை. பத்து லட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகள் இருப்பதை 50 ஆக்க வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 120-ஆவது அறிக்கை 1987-இல் சொன்னது. ஐந்தாண்டில் படிப்படியாகச் செய்யுங்கள் என்று 2002-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இன்றைக்கு எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் சட்ட அமைச்சகம் சொல்லும் எண் 21-ஐ ஒட்டி இருக்கும். எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தொகுதியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், பகுதியில் 2011 மக்கள்தொகை. காலி நாற்காலிகளையும் நீதிபதிகளாக எண்ணிவிட்டு, 2011-க்குப் பிறகு பிறந்தவர்களை எண்ணாமல் விட்டால் வருகிற எண் அது. உண்மையில் பணியிலிருப்பவர்களையும் இன்றைய மக்கள்தொகையையும் வைத்துப் பார்த்த 2025-ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கை அதை 15 என்கிறது. இரண்டுமே பொய்க்கணக்கு இல்லை. ஆனால் ஒன்று, பதில் சொல்கிறவருக்கு வசதியாகக் கட்டப்பட்ட கணக்கு.

இந்த விகிதமே தவறான அளவுகோல் என்று 245-ஆவது அறிக்கை வாதிட்டது. மக்கள்தொகையை விடுங்கள், நீதிபதி ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு எத்தனை வழக்கு முடிக்கிறார் என்று பாருங்கள், அதை வைத்துத் தேவையைக் கணக்கிடுங்கள் என்றது. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை அந்த வழியில் போய்த் துணிச்சலான ஓர் எண்ணைச் சொன்னது: கீழமை நீதிமன்றங்களில் கூடுதலாக 2,279 நீதிபதிகள் இருந்தால் போதும், ஆண்டுதோறும் வருகிற அளவுக்கு வழக்குகள் முடிந்துவிடும், தேக்கம் மேலும் கூடாது. புதிதாகப் பணியிடம்கூட உருவாக்க வேண்டாம், காலியிடங்களை நிரப்பினாலே போதும். இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. இருபது பங்காளிகள் மோதும் பாகப்பிரிவினை வழக்கும், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிப் போகிற எஸ்.டி.சி. எனும் சுருக்க விசாரணை வழக்கும் இதில் ஒரே எடை. வழக்குக்கு வழக்கு எடை வைத்துக் கணக்கிடும் முறையை, உச்ச நீதிமன்றம் 2012-இல் அமைத்த தேசிய நீதிமன்ற மேலாண்மை அமைப்பு முன்வைத்தது. அதைத் துல்லியமாக்கும் வேலை இன்னும் நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. என்றாலும் ஓட்டையோடு கூடிய 2,279-ஐ நான் மதிக்கிறேன். நிதி அமைச்சகத்தின் சொந்த ஆவணத்தில், இவ்வளவு செய்தால் இது நடக்கும் என்று காரணமும் விளைவும் இணைத்துச் சொன்ன எண் அது. பலன்? கீழமை நீதிமன்றங்களில் காலியிடங்கள் அன்றும் சுமார் ஐயாயிரம், சில ஆண்டு கழித்தும் சுமார் ஐயாயிரம். நிரப்ப வேண்டியவர்கள் உயர் நீதிமன்றங்களும் மாநிலத் தேர்வாணையங்களும் என்று மத்திய அரசு கைகாட்டும். மாநில அரசு பணமும் கட்டடமும் இல்லை என்று திருப்பிக் கைகாட்டும்.

மூன்றாவது இடத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. நாட்டின் மிகப்பெரிய வழக்காடி அரசுதான். மத்திய அரசு ஒரு தரப்பாக உள்ள வழக்குகள் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம், அதில் நிதி அமைச்சகத்தின் பங்கு 1.9 லட்சம் என்று 2025 பிப்ரவரியில் மக்களவையில் சொல்லப்பட்டது. அந்த எண் வந்தது அரசின் சொந்த வழக்கு மேலாண்மைத் தளத்திலிருந்து. நீதித்துறைத் தரவுக் கட்டமைப்போ, மூத்த குடிமக்கள் தொடுத்த வழக்கு எத்தனை, பெண்கள் தொடுத்த வழக்கு எத்தனை என்று முகப்பிலேயே பிரித்துக் காட்டுகிறது. அரசு தொடுத்தது எத்தனை, அரசின்மீது தொடுத்தது எத்தனை, அரசு தோற்றும் மேல்முறையீடு போனது எத்தனை என்று காட்டுவதில்லை. பார்க்க விரும்பாத இடத்தில் விளக்கு வைப்பதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் சொன்னபின் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் கேட்டாக வேண்டும். எண்ணத் தொடங்கினால் நீதி கெடும் என்கிறார்கள். இது வெறும் பயம் அல்ல. நம் கீழமை நீதிபதிகளுக்கு யூனிட் முறை உண்டு. இந்த வகை வழக்கை முடித்தால் இத்தனை யூனிட் என்று மாதாந்திரக் கணக்கு போகும், பணி மதிப்பீட்டில் அது பேசும். யூனிட் குறைகிறதே என்று மாதக் கடைசியில் கடினமான பழைய கட்டை ஒதுக்கிவிட்டு இலகுவான புதுக் கட்டை எடுக்கும் ஆசை மனித இயல்பு. அமெரிக்காவிலும் இதே அனுபவம். அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் முடிவு சொல்லாமல் வைத்திருக்கும் மனுக்களை நீதிபதியின் பெயரோடு ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறார்கள். பட்டியல் வெளியாகும் தேதிகளுக்குச் சற்று முன் உத்தரவுகள் குவிவதை ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். லோக் அதாலத் நாளில் நம் ஊர்களில் வரும் பிரமாண்ட எண்களிலும், நீதிமன்றத்துக்கே வராத முன்வழக்குகள் பெரும்பங்கு என்பதைச் செய்திக்குறிப்பின் தலைப்பு சொல்வதில்லை.

இந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். நீதிபதியை எண்ணால் அடிப்பது நீதிக்குக் கேடு. ஆனால் நீதிபதியை எண்ணுவது வேறு, நீதிமன்றத்தை எண்ணுவது வேறு. ஒரு தாலுகா நீதிமன்றத்துக்கு எத்தனை வழக்கு வருகிறது, அதற்கு எத்தனை கை தேவை என்று கணக்கிடுவதால் எந்த நீதிபதியின் சுதந்திரமும் குறைந்துவிடாது. நாம் செய்துகொண்டிருப்பது நேர் தலைகீழ்: நீதிபதியை மாதந்தோறும் எண்ணுகிறோம், நீதிமன்றத்தின் தேவையை எண்ணாமல் விடுகிறோம்.

எண்ணுவது யார் என்ற கேள்வியும் இங்கேயே இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களிடம் கணக்கு விவரங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 227-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, அதற்கான ஆள் இல்லை. மாவட்ட நீதிபதி காலையில் கொலை வழக்கு விசாரித்துவிட்டு, மாலையில் கட்டடம், கழிப்பறை, ஊழியர் இடமாற்றம், புள்ளிவிவரம் எல்லாவற்றையும் பார்க்கிறார். 13-ஆவது நிதி ஆணையம் நீதிமன்ற மேலாளர்களுக்கென்று 300 கோடி ரூபாய் ஒதுக்கியது. மேலாண்மை படித்தவர்களை எடுத்தார்கள். அவர்களுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாமல், பல இடங்களில் ஒப்பந்த ஊழியர்களாக ஒதுங்கிக் கிடந்தார்கள். அவர்களுக்கு விதிகள் வகுத்து, இரண்டாம் நிலை அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிகளுக்கு நிகராக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 மே மாதத்தில்.

அமெரிக்கா தன் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு 1939-இலேயே தனி நிர்வாக அலுவலகம் அமைத்தது. எடை வைத்த வழக்குச் சுமையைக் கணக்கிட்டு, இன்ன மாவட்டத்துக்கு இத்தனை நீதிபதி என்று நீதித்துறை நாடாளுமன்றத்திடம் எழுத்தில் கேட்கிறது. அதனால் கேட்டது கிடைத்துவிடுகிறதா? இல்லை. 1990-க்குப் பிறகு பெரிய அளவில் நீதிபதிப் பணியிடங்களைக் கூட்டும் சட்டம் அங்கே வரவில்லை. 2024-இல் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை அன்றைய அதிபர் பைடன் டிசம்பரில் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். ஆனால் தடுத்தவர் கையெழுத்துப் போட்டுக் காரணமும் சொல்ல வேண்டியிருந்தது. நம் நாட்டில் யாரும் மறுக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. இந்த நீதிமன்றத்துக்கு இத்தனை பேர் என்று முகவரியிட்ட கோரிக்கையாக எண் வந்தால்தானே மறுப்பதற்கு? நம்முடைய ஐந்து கோடி யாருடைய மேசைக்கும் முகவரி எழுதப்படாத கடிதம்.

ஆக, என் தீர்ப்பு பிரிந்துதான் நிற்கிறது. பொதுமக்கள் பார்க்கும் பலகணியாகத் தரவுக் கட்டமைப்பு தேறிவிட்டது, நல்ல மதிப்பெண்ணோடு. உயர் நீதிமன்றங்களின் உள்நிர்வாகக் கருவியாகப் பாதித் தேர்ச்சி: பழைய கட்டுகளைக் கண்டுபிடிக்க உதவுகிறது, ஒரே தகராறின் கட்டுகளைக் கோத்துப் பார்க்க உதவவில்லை. அரசு முடிவெடுக்கும் கருவியாகத் தோல்வி, மூன்று இடத்திலும். தோல்விக்குப் பொறுப்பு மென்பொருள் எழுதியவர்களுடையது அல்ல. எண்ணைக் கேட்காத நாடாளுமன்றமும், எண்ணைத் தனக்கு வசதியாகக் கட்டிக்கொள்ளும் அமைச்சகமும், எண்ணுவதற்கு ஆள் வைக்காத நீதித்துறையும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பங்கு முதல் இருவருக்கு.

இ-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் பழைய ஆவணங்களை நகலெடுத்துக் கணினியில் ஏற்ற மட்டும் 2,038 கோடி. நடைமுறைகளை மறுசீரமைக்க, அதாவது எதை எப்படிப் பதிவது என்று முதலிலிருந்து யோசிக்க, 33 கோடி. இந்தத் தீர்ப்பு மாறுமா என்று பார்க்க அந்த 33 கோடியைக்கூட நான் கவனிக்கப்போவதில்லை. அடுத்து ஒரு புதுக் குற்றத்தை உருவாக்கும் மசோதா அவைக்கு வரும்போது அதன் கடைசிப் பக்கத்து நிதிக்குறிப்பைப் புரட்டினால் போதும். இதனால் நடுவர் நீதிமன்றங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை வழக்கு கூடும், இத்தனை பணியிடம் வேண்டும் என்று ஒரு வரி அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம்.